போகும்போதுதான் தங்கமா?

ஆபீஸில் ஒருத்தர் தங்கமான ஆள் என்பது எப்போது தெரியவரும்? அவருக்குப் பிரிவு உபசாரம் நடக்கும்போது!

ஒரு சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், மிக்சர், சமோசா. "இவரை மாதிரி ஒரு ஸ்டாஃப் கிடைக்க நாங்க கொடுத்து வச்சிருக்கணும்" என்று மானேஜர் உருகுவார். மூன்று மாசம் முன்னால் இன்க்ரிமென்ட் கேட்டுப் போனபோது, "பார்க்கலாம்ப்பா" என்று ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னவரும் இதே மானேஜர்தான்!

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் சீனியர் ஒருத்தர். எட்டு வருஷ சர்வீஸ். எந்தப் பார்ட்டியின் செக் திரும்பி வரும், யாரிடம் எந்தத் தேதியில் பேசினால் பாக்கி வசூலாகும்... எல்லாம் விரல் நுனியில். மாசம் 3,000 ரூபாய் கூட்டிக் கேட்டார். முதலாளியோ, "வெளியே போய்ப் பாருங்க, இந்தச் சம்பளத்துக்கு நூறு பேர் நிக்கறான்" என்றார்.

சீனியர் வெளியே போய்ப் பார்த்தார். அங்கே வேறொரு வேலை இருந்தது. போய்விட்டார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். அந்த நூறு பேரில் முதலில் வந்தவர் இரண்டே மாசத்தில் கம்பி நீட்டினார். அடுத்து வந்த பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் சொல்லித் தர ஆள் வேண்டாமா? ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் 20-ம் தேதியைத் தாண்டியது. தாமதக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவிகித வட்டி. ஆள் பிடித்துக் கொடுத்த கன்சல்டன்சிக்கு இரண்டு தடவை கமிஷன். ஒரு பெரிய பாக்கி, கேட்க ஆளில்லாமல் அப்படியே நின்று போனது. சீனியர் கேட்ட தொகையை ஐந்து வருஷம் கொடுத்திருந்தாலும் 1,80,000 ரூபாய்தான். போனது அதற்கும் மேலே!

நான் பி.காம். படித்தவன். நாற்காலிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். அதில் உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து போனால் அந்த நஷ்டத்தை எழுத லெட்ஜரில் ஒரு தலைப்பு கிடையாது. சம்பளம் மட்டும் செலவுப் பக்கத்தில் கண்ணை உறுத்தும். முதலாளிகள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் இல்லை ஸார். கண்ணுக்குத் தெரிகிற செலவுக்குப் பயப்படுகிறார்கள், தெரியாத செலவைக் கோட்டை விடுகிறார்கள். அவ்வளவுதான்.

அந்தத் தெரியாத செலவை எண்ணிப் பார்த்த முதலாளி ஒருத்தர் அமெரிக்காவில் இருந்தார். கார் செய்த ஹென்றி ஃபோர்டு. 1913-ல் அவருடைய தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கி அலுத்துப்போய் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். சுமார் 14,000 பேர் வேலையில் இருப்பதற்காக, அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது! வந்தவனுக்கெல்லாம் வேலை கற்றுக் கொடுத்தே மாளவில்லை.

1914 ஜனவரி 5-ம் தேதி ஃபோர்டு கம்பெனி ஒரு குண்டு போட்டது. 9 மணி நேரத்துக்குச் சுமார் 2.34 டாலராக இருந்த கூலி, இனி 8 மணி நேரத்துக்கு 5 டாலர்! 'மனுஷனுக்குப் பைத்தியமா?' என்றார்கள் மற்ற முதலாளிகள். 1913-ல் 370 சதவிகிதமாக இருந்த ஆள் மாற்றம் 1915-ல் 16 சதவிகிதமாக இறங்கியது. செலவைக் குறைக்கத் தான் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று ஃபோர்டே பின்னால் எழுதினார்.

அவர் ஒன்றும் கர்ணன் இல்லை. தொழிலாளி குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று வீட்டுக்கே ஆள் அனுப்பி வேவு பார்த்தவர். கூட்டிக் கொடுத்தது தர்மத்துக்கு அல்ல, கணக்குக்கு!

எனவே இளைஞர்களே, அடுத்த தடவை எம்.டி. ரூமுக்குள் போகும்போது "வீட்டு வாடகை ஏறிப்போச்சு ஸார்" என்று ஆரம்பிக்காதீர்கள். அது உங்கள் கணக்கு. நீங்கள் வசூலித்த பாக்கி, தவிர்த்த அபராதம், நீங்கள் இல்லாவிட்டால் நிற்கப்போகும் வேலை... அவர் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்த பிறகும் 'பார்க்கலாம்' என்றால், நீங்களும் வெளியே பார்க்கலாம்!

போன மாசம் அந்த சீனியரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "கம்பெனியில கொடுத்த கடிகாரம் எப்படிண்ணே இருக்கு?" என்றேன்.

"அது கரெக்டா ஓடுது தம்பி. கொடுத்தவங்களுக்குத்தான் டயம் தெரியலை!"