பூச்சாண்டிக்குக் காக்கிச் சட்டை!

நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, நிலாவைக் காட்டி ஊட்டுவது. இரண்டு, ‘சாப்பிடலேன்னா போலீஸ்காரன் பிடிச்சுட்டுப் போயிடுவான்’ என்று மிரட்டி ஊட்டுவது. நிலா அமாவாசைக்கு லீவு போட்டுவிடும். போலீஸுக்கு ஏது லீவு? அதனால் முப்பது நாளும் கைகொடுத்தது இரண்டாவது முறைதான். அப்படி வளர்ந்த குழந்தைகள்தான் இன்று கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறோம். அன்றைக்குச் சாப்பிட்ட பருப்பு சாதம் அன்றே ஜீரணமாகிவிட்டது. கூடவே விழுங்கின பயம்தான் இன்னும் ஜீரணமாகவில்லை!

இந்தப் பயத்தையே முதலாக்கி ஒரு கூட்டம் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறது. தொழிலின் பெயர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’.

போன் அடிக்கும். ‘உங்க பேர்ல வெளிநாட்டுக்குப் போன பார்சல்ல போதை மருந்து இருந்தது’ என்பார்கள். அடுத்து வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, நடுநடுவே வயர்லெஸ் கரகரப்பு... சினிமா கம்பெனி தோற்றுப்போகும் செட்டிங்! கோர்ட் முத்திரையோடு ஒரு தாள் வேறு வாட்ஸ்அப்பில் வந்து விழும். ‘கேமராவை அணைக்கக் கூடாது. பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாது. உங்க பணத்தை இந்த அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. சோதிச்சுப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடுவோம்.’

எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் ஒரு நண்பர். பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கிவிட்டு, கறிவேப்பிலை இனாம் கேட்டுக் கால் மணி நேரம் வாதாடுகிற ஆசாமி. அவரே தன் வீட்டு பெட்ரூமில் மூன்று மணி நேரம் போன் முன்னால் கைகட்டி உட்கார்ந்து, எண்பதாயிரம் ரூபாயை அனுப்பிவிட்டு எழுந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடமே சொன்னார்.

‘‘ஏன் சார், அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?’’

‘‘போலீஸ் சொல்லக் கூடாதுன்னாரே!’’

‘‘சரி, ஏமாந்தது தெரிஞ்ச பிறகாவது ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே?’’

‘‘ஸ்டேஷனுக்கா? எதுக்கு சார் வம்பு...’’

கவனியுங்கள். போலி போலீஸுக்குப் பயந்து பணத்தைக் கொடுத்தார். நிஜ போலீஸுக்குப் பயந்து அதைக் கோட்டை விட்டார்!

சட்டத்தில் இல்லாத அரெஸ்ட்

போலீஸ் தரப்பில் எச்சரிக்கைக்குக் குறைவில்லை. பஸ் ஸ்டாண்டில் போஸ்டர், கல்லூரியில் கூட்டம், போனில் குட்டி வீடியோ என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில், ‘டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது’ என்று சொன்னார். விசாரணைக்கு நோட்டீஸ் வரலாம், ஆஜராகச் சொல்லலாம். ஆனால் வீடியோ காலில் கைது செய்யும் போலீஸும் கிடையாது, ‘சோதிக்க’ப் பணம் அனுப்பச் சொல்லும் போலீஸும் கிடையாது.

சரி, ஏமாந்தே போனால்? 1930 என்ற நம்பர் இருக்கிறது. நாடு முழுவதற்கும் பொதுவான சைபர் குற்ற உதவி எண். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்ற விவரங்களைச் சொன்னால் போதும். அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கி வைப்பார்கள். திருடன் சும்மா இருப்பானா? ஒரு கணக்கிலிருந்து நாலு, நாலிலிருந்து பதினாறு என்று பிரித்து, ஏ.டி.எம்-மில் உருவப் பார்ப்பான். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைத் தங்க நேரம் என்கிறார்கள். நண்பர் ஒரு வாரம் யோசித்தார்... தங்கம் தகரமாகிவிட்டது.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் குடுப்பா, கமிஷன் தர்றேன்’ என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். திருட்டுப் பணம் தங்கிப் போகும் சத்திரம் அதுதான். போலீஸ் தேடி வருவது முதலில் சத்திரக்காரனைத்தான்!

பயம் போவது எப்படி?

எச்சரிக்கை போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது என்பது என் கட்சி. ஸ்டேஷன் படியேறும் தைரியம் ஜனங்களுக்கு வர வேண்டும். தமிழ்நாட்டு போலீஸ் இதை யோசிக்காமலும் இல்லை. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி-யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கத்தை ஆரம்பித்தார். 1999-ல் திருச்சி கமிஷனராக வந்த ஜே.கே. திரிபாதி, நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காவலர்களை நியமித்தார். ‘எங்க ஏரியா போலீஸ்காரர் இவர்’ என்று ஜனங்களுக்கு முகம் தெரிந்தது. ஸ்டேஷனுக்கு வரக் கூச்சப்படுகிறவர்களுக்காகப் புகார் பெட்டிகள் வைத்தார்கள். பெயர் போடாமலும் எழுதிப் போடலாம்.

ஆனால் நம்பிக்கை என்பது பால் மாதிரி. ஒரு துளி போதும், திரிந்துவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். நாடே கொதித்தது. அதையடுத்து ‘போலீஸ் நண்பர்கள்’ அமைப்பையும் அரசு தடை செய்தது. பல வருஷம் ஒட்டின போஸ்டர்களை ஒரு ராத்திரி கிழித்துப் போட்டுவிட்டது.

அதனால் பயத்தை விரட்டப் புன்னகை மட்டும் பத்தாது. நம் கையில் என்ன உரிமை இருக்கிறது என்ற விவரமும் வேண்டும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கலாம். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். ‘இது எங்க எல்லை இல்லே, பக்கத்து ஸ்டேஷனுக்குப் போ’ என்று விரட்டவும் முடியாது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஸ்டேஷன்களுக்குள் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது.

இந்த விவரங்களையும் 1930-க்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்து ஒட்டட்டும். திருடனைப் பற்றி எச்சரிக்கிற போலீஸ், தன்னிடம் எதையெல்லாம் தைரியமாகக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், போலி காக்கிச் சட்டைக்குப் பாதி வியாபாரம் படுத்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். 1930, அவசரத்துக்கு 112, உங்கள் ஏரியா ஸ்டேஷன் நம்பர் மூன்றையும் இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள். பதற்றத்தில் தேடினால் போலி நம்பரில் போய் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

நண்பரும் ஏற்றிவிட்டார். 1930-க்கு என்ன பெயர் போட்டிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். ‘தாய்மாமா’ என்றிருந்தது.

‘‘போலீஸ்னு போட்டா அழுத்தக் கை வராது சார்!’’