சகாய் நகரத்துப் பாக்டீரியா

உங்கள் சட்டைக் காலரின் உட்புறம் தைத்துள்ள சிறு துணிச்சீட்டைப் பாருங்கள். அதில் பாலியெஸ்டர் என்று இருந்தால், அந்தச் சட்டையும் கடையில் விற்கும் தண்ணீர் பாட்டிலும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்! பாலிஎதிலீன் டெரிப்தாலேட் என்பது அதன் பெயர், சுருக்கமாக 'பெட்'. துணியைத் துவைக்கும்போது மிக நுண்ணிய இழைகள் உதிர்ந்து, சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் அடைகின்றன. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய இத்தகைய துணுக்குகளையே நுண்பிளாஸ்டிக் என்கிறோம். ஆழ்கடல் மண்ணிலும் ஆர்க்டிக் பனியிலும்கூட இவை கிடைத்துள்ளன.

மரம் மக்குகிறது. பிளாஸ்டிக் மட்டும் ஏன் மக்குவதில்லை? மக்குதல் என்பது நுண்ணுயிர்கள் உண்பதுதான். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை அவற்றால் அப்படியே விழுங்க முடியாது. என்சைம் என்னும் கத்தரியை வெளியே சுரந்து, சங்கிலியைத் துண்டுகளாக வெட்டிய பிறகே உறிஞ்சுகின்றன. மரம் அவற்றுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுப் பழக்கம். பெட் பிறந்ததோ 1941-இல், இங்கிலாந்தில்!

ஆகவேதான் 2016-இல் ஜப்பானிலிருந்து வந்த செய்தி விஞ்ஞானிகளை வியக்க வைத்தது. சகாய் நகரில் பெட் பாட்டில் மறுசுழற்சி நிலையத்தின் அருகே மண், கழிவுநீர் முதலிய 250 மாதிரிகளைச் சேகரித்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றில் பெட்டையே முக்கிய உணவாகக் கொள்ளும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். ஊர்ப் பெயரையும் சேர்த்து அதற்கு இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று பெயரிட்டனர். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மெல்லிய பெட் படலத்தை ஆறு வாரங்களில் அது ஏறக்குறைய முழுவதும் அரித்துவிட்டது.

இந்தக் கத்தரி அதற்கு எப்படிக் கிடைத்தது? இலையின் மேற்பரப்பைக் காக்கும் கியூட்டின் என்ற பொருளில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. பெட் சங்கிலியின் கண்ணிகளும் எஸ்டர் பிணைப்புகளே. இலையை அரிக்கும் நுண்ணுயிர்களின் என்சைமும் சகாய் பாக்டீரியாவின் என்சைமும் ஒரே குடும்பம். கடைப் பையின் பாலிதீனிலோ எஸ்டர் பிணைப்பு கிடையாது. அங்கே இந்தக் கத்தரிக்கு வேலை இல்லை.

"அப்படியானால் இதைக் கடலில் விட்டுவிடலாமே!" என்பீர்கள். நடவாது. சோதனையில் அது தின்ற படலத்தில் சங்கிலிகள் தளர்வாகக் கிடந்தன. பாட்டிலிலும் துணி இழையிலும் அவை நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் கத்தரி நுழைய இடமில்லை. போதாததற்கு, ஆழ்கடல் கடுங்குளிர்.

தொட்டிக்குள் கதை வேறு. 2020-இல் பிரான்சின் துலூஸ் நகர விஞ்ஞானிகள், இலைமக்கில் கண்டறியப்பட்ட மற்றொரு என்சைமில் சில அமினோ அமிலங்களை மாற்றி, 72 டிகிரியில் பத்தே மணி நேரத்தில் பெட்டில் 90 சதவீதத்தை அதன் மூலப்பொருள்களாகப் பிரித்தனர். அந்த வெப்பத்தில் சங்கிலிகள் இளகிக்கொடுக்கும். ஆனால் பாட்டிலை முன்கூட்டியே உருக்கி, குளிர்வித்து, பொடியாக்க வேண்டும். கிடைத்த மூலப்பொருள்களிலிருந்து புதுப் பாட்டிலும் செய்து காட்டினர்.

சட்டை இழைகளின் கதி? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அவற்றில் பெரும்பகுதி சேற்றோடு படிந்துவிடுகிறது. பல நாடுகளில் அந்தச் சேற்றை வயலுக்கு உரமாக இடுகிறார்கள். இழைகள் குவிந்து கிடக்கும் இடம் அது. தொட்டியைச் சூடாக்கவும் முடியும். நுண்ணுயிர்களுக்கு வேலை கொடுக்கக் கடலைவிட அந்தச் சேற்றுத் தொட்டியே ஏற்ற இடம் என்று தோன்றுகிறது.