ஈற்றுக்காலமும் இளங்கன்றின் உயிரும்
நெபிராஸ்கா மணற்குன்றுப் பண்ணைகளின் அனுபவம்

தொற்றுநோய்க்குக் காரணம் கிருமி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்ற உண்மை. ஆயின், கிருமி இருந்தும் நோய் பரவாத சூழலும், அதே கிருமி பேரழிவாக மாறும் சூழலும் எவ்வாறு உருவாகின்றன என்ற வினா இன்றும் முழுமையாக விடை பெறவில்லை. சேரிகளையும் தொழிற்சாலைகளையும் ஆராய்ந்தோர் இவ்வினாவை எழுப்பியது போலவே, மாட்டுப்பட்டிகளை ஆராய்ந்தோரும் எழுப்பியுள்ளனர். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணைகளில் பிறந்து சில நாட்களேயான கன்றுகள் கழிச்சலால் இறப்பதைப் பற்றி நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரு பல்கலைக்கழகமே ஒரு நோய்க்கு முப்பது ஆண்டு இடைவெளியில் இரு வேறு விடைகளை அளித்தது. அவ்விரண்டையும் ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் சந்தையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெபிராஸ்கா மாநிலத்தில் மணற்குன்றுகள் எனப்படும் புல்வெளி ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கைத் தீவின் பரப்பில் முக்காற்பங்கு எனலாம். புல்லின் வேர்களே அங்கு மணலைக் கட்டி வைத்துள்ளன. ஏர் பட்டால் மணல் காற்றோடு போகும். முன்னொரு காலத்தில் பைசன் மந்தைகளும், அவற்றை வேட்டையாடி வாழ்ந்த லக்கோட்டா, போனி முதலிய ஆதிக்குடிகளும் அந்நிலத்தில் வாழ்ந்தனர். அவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட நிலம், 1904ஆம் ஆண்டின் கின்கெயிட் சட்டத்தின்படி குடும்பத்துக்கு 640 ஏக்கர் என்ற அளவில் குடியேறியோருக்கு வழங்கப்பட்டது. அம்மண்ணில் அது பலருக்கு வாழ்க்கைக்குப் போதவில்லை. விற்றுச் சென்றோரின் காணிகள் ஒன்றுசேர்ந்து பெரும் மாட்டுப்பண்ணைகள் ஆயின. இன்று அம்மாநிலத்தில் மனிதரிலும் மாடுகளின் தொகையே பன்மடங்கு அதிகம்.

இத்தகைய பண்ணையில் பால் கறப்பதில்லை. பசு ஆண்டுக்கொரு கன்றை ஈன்று, அதைத் தன் பாலாலேயே வளர்க்கின்றது. இலையுதிர் காலத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் கன்றின் நிறையே பண்ணையின் ஆண்டு வருமானம். எனவே ஒரு கன்று இறப்பின், அத்தாய்க்கு ஓராண்டு இட்ட தீனியும் உழைப்பும் நட்டமாகின்றன.

பொலிகாளைகள் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களே மந்தையுடன் விடப்படுகின்றன. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். ஆகவே கன்றுகளும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்துப் பிறக்கின்றன. இதுவே ஈற்றுக்காலம். இது நெடுங்காலமாகப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அமையுமாறு ஒழுங்கு செய்யப்பட்டு வந்தது. முந்திப் பிறந்த கன்று விற்பனை நாளில் கூடுதலாக நிறுக்கும் என்பதே அதன் தலையாய காரணம். அதே நிலத்தில் வாழ்ந்த பைசன் ஏப்ரில், மே மாதங்களில், புதுப்புல் தளிர்க்கும்போது ஈன்றது. புல்லின் பஞ்சாங்கம் ஒன்று, சந்தையின் பஞ்சாங்கம் மற்றொன்று.

சந்தையின் பஞ்சாங்கத்துக்கு ஒரு விலை உண்டு. பனிக்காலத்தின் கடைக்கூற்றில் மேய்ச்சல் இல்லை. உலர்புல் இடுவதற்கும், ஈற்றைக் கண்காணிப்பதற்கும் வசதியாகப் பசுக்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறு நிலத்தில் நெருக்கமாக அடைக்கப்படுகின்றன. பனி உருகும், சாணமும் சிறுநீரும் சேறாகும். அச்சேற்றிலேயே கன்று விழுகின்றது.

காப்பின்றிப் பிறக்கும் உயிர்

மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளைச் சூல்வித்தகத்தின் வழியாகப் பெறுகின்றது. பசுவின் சூல்வித்தகம் அவற்றைக் கடக்க விடுவதில்லை. ஆகவே கன்று பிறபொருளெதிரிகள் ஏறத்தாழ இல்லாத நிலையில் உலகுக்கு வருகின்றது. அவற்றை அது பெறும் ஒரே வழி சீம்பால். யாழ்ப்பாணத்தில் கடும்பு எனப்படுவதும், வீடுகளில் காய்ச்சி உண்ணப்படுவதும் இதுவே.

பிறந்த கன்றின் குடற்சுவர், சீம்பாலிலுள்ள பெரும் புரத மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அப்படியே குருதிக்குள் உறிஞ்சக் கூடியது. இவ்வாற்றல் முதல் ஆறு மணித்தியாலத்தில் மிகுதியாக இருந்து, மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளுக்குள் அற்றுப்போகின்றது. அதன்பின் எவ்வளவு சீம்பால் ஊட்டினும், குடலின் உட்பரப்பில் மட்டும் அது ஓரளவு காவல் செய்யும், குருதியைச் சேராது. ஆதலால் கன்று பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எழுந்து நின்று மடி தேடவேண்டும் என்பது பண்ணையாளரின் அளவுகோல். எழாத கன்றுக்குச் சீம்பாலைக் கறந்து ஊட்டுவர். அதன் உடல் நிறையில் பத்திலொரு பங்கு என்பது பொதுவான கணக்கு.

கன்று ஏன் எழாதிருக்கின்றது என்று தேடினால் பிறப்புக்கு முந்திய நாட்களுக்குச் செல்லவேண்டும். கடைசி மாதங்களில் மெலிந்துபோன பசு ஈனும் கன்று வலுக்குறைந்தது. அப்பசுவின் சீம்பாலும் குறைவு. தலையீற்றுக் கிடேரிகளின் இடுப்பெலும்பு வழி குறுகியது. பெரிய கன்று அங்கு நெடுநேரம் அகப்பட்டு, மூச்சுத் திணறி, சோர்ந்து விழுகின்றது. குளிரில் ஈரம் காயாத கன்று தன் கொழுப்புச் சேமிப்பை உடற்சூட்டுக்கே செலவிடுகின்றது. இவ்விடர்களைக் கண்டு உதவ ஆள் விழித்திருக்கவேண்டும். கனடாவின் மனிற்றோபா மாகாணப் பண்ணையாளர் கஸ் கொனெஃபால், மாலையில் தீனியிட்டால் பகலில் ஈனும் பசுக்களின் விகிதம் கூடுவதை 1970களில் கவனித்தார். எளிய இம்முறை பலரது இரவுக்காவலைக் குறைத்தது.

முதலாவது விடை: கிருமியும் தடுப்பு மருந்தும்

கழிச்சலை உண்டாக்கும் நுண்ணங்கிகள் பல. சில வகை ஈ. கோலை பற்றீரியாக்கள் முதல் நான்கைந்து நாட்களில் தாக்குகின்றன. ரொட்டா வைரசும், மாடுகளுக்குரிய கொரோனா வைரசும் முதலாம் வார இறுதியிலிருந்து இரண்டாம் வாரம் வரை; கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒற்றைக்கல உயிரி முதலாம் வார இறுதியிலிருந்து மூன்றாம் வாரம் வரை. எது தாக்கினும் முடிவு ஒன்றே: உடலின் நீரும் உவர்களும் வெளியேறுகின்றன; குருதி அமிலத்தன்மை அடைகின்றது; கண்கள் குழிந்து, உடல் குளிர்ந்து, கன்று இறக்கின்றது. குளுக்கோசும் உவரும் கலந்த நீரை உடன் ஊட்டுவதே முதன்மையான சிகிச்சை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரசுக்கு எதிராகப் பயனற்றவை.

1969இல் நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மீபஸ் குழுவினர், கன்றுக் கழிச்சலை ஒரு வைரசு உண்டாக்குவதை மெய்ப்பித்தனர். பின்னர் ரொட்டா எனப் பெயர் பெற்ற இனத்தைச் சேர்ந்தது அது. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றோட்டமுற்ற குழந்தைகளின் குடலில் இதன் உறவான வைரசைக் கண்டனர். நெபிராஸ்காக் கன்றின் வைரசிலிருந்து கன்றுகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து ஆக்கப்பட்டது. 1980களில் குழந்தைகளுக்கான ஒரு தடுப்பு மருந்தும் ஆக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டது. பின்லாந்தில் நல்ல பயன் காட்டிய அம்மருந்து, கம்பியா, ருவாண்டா முதலிய நாடுகளில் போதிய காப்பளிக்காமையால் கைவிடப்பட்டது. கன்று மருந்தின் பயனும் பண்ணைக்குப் பண்ணை வேறுபட்டது. ஒரு கிருமியைத் தடுத்த இடத்தில் இன்னொன்று தாக்கியது; சில கன்றுகள் மருந்து வேலை செய்யுமுன்னரே தொற்றுக்குள்ளாயின. சினைப்பசுவுக்கே தடுப்பூசியிட்டுச் சீம்பாலைச் செறிவாக்கும் முறை பின்னர் வந்தது. அதுவும் பயனுள்ளதே. ஆயினும், தடுப்பூசி இட்ட மந்தைகளிலும் சில ஆண்டுகளில் கன்றுகள் மடிந்துகொண்டே இருந்தன.

பெருக்கத்தின் கணக்கு

இங்கேதான் வினா மாற்றப்பட்டது. நெபிராஸ்காப் பல்கலைக்கழக விலங்கு மருத்துவர் டேவிட் சிமித்தும் அவர்தம் துணைவரும், எக்கிருமி என்று கேட்பதோடு நில்லாமல், ஈற்றுக்காலத்தின் எந்த வாரத்தில் பிறந்த கன்று இறக்கின்றது என்றும் கேட்டனர். இறப்பு பருவம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. முதலிற் பிறந்தவை பெரும்பாலும் தப்பின; பிந்திப் பிறந்தவையே மிகுதியாக நோயுற்றன.

காரணம் கன்றுகளே. வளர்ந்த பசுக்கள் கிருமிகளைச் சிறிதளவு தம் குடலிற் சுமந்து ஆண்டுதோறும் கடத்துகின்றன. முதற்கன்று சிறிதளவு தொற்றைப் பெறுகின்றது. நோய் வெளிப்படாமலும் இருக்கலாம். ஆனால் அதன் குடலில் கிருமி கோடிக்கணக்கிற் பெருகிச் சாணத்துடன் வெளியேறுகின்றது. அடுத்த கன்று அதனினும் பெரிய அளவைப் பெற்று, மேலும் பெருக்கி வெளிவிடுகின்றது. ஆறேழு வாரம் கழித்து அதே நிலத்தில் விழும் கன்று, முந்திய கன்றுகள் அனைத்தும் பெருக்கி வைத்த கிருமிச் சுமையை முதல் நாளிலேயே எதிர்கொள்கின்றது. அதன் தாய் நல்ல பசுவே, சீம்பாலும் பெற்றுள்ளது. பிந்திப் பிறந்தமை ஒன்றே அதன் குறை.

இரண்டாவது விடை: படலையைத் திறந்து மூடல்

2000ஆம் ஆண்டில், கழிச்சலால் கன்றுகளை இழந்து வந்த ஒரு பண்ணையில் இவர்கள் புதிய ஒழுங்கொன்றைப் புகுத்தினர். மணற்குன்று ஈற்றுமுறை என அது வழங்குகின்றது. சினைப்பசுக்கள் அனைத்தும் முதலாம் மேய்ச்சல் நிலத்தில் விடப்படுகின்றன. ஈற்றுத் தொடங்கி இரண்டு வாரமானதும், ஈன்ற பசுக்களும் கன்றுகளும் அங்கேயே நிற்க, ஈனாதவை மட்டும் இரண்டாம் நிலத்துக்கு ஓட்டப்படுகின்றன. ஒரு வாரம் கழித்து, அங்கும் ஈனாதவை மூன்றாம் நிலத்துக்கு. இவ்வாறே வாரந்தோறும் தொடர்கின்றது. ஒரு நிலத்திலுள்ள கன்றுகளுள் வயது வேறுபாடு ஒரு வாரத்தை, முதலாம் நிலத்தில் இரண்டு வாரத்தை, மிகுவதில்லை. கடைசிக் குழுவின் இளைய கன்று நான்கு வாரமானபின்னரே குழுக்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன.

முன்னர் சில பண்ணையாளர் ஈன்ற பசுவையும் கன்றையும் வேறு நிலத்துக்கு மாற்றினர். அப்போது ஈற்று நிலம் அசுத்தமாகவே எஞ்சியது. இளங்கன்றை ஓட்டுவதும் எளிதன்று. ஈனாத பசுவை மாற்றுவதே புதிய முறையின் நுட்பம். ஒவ்வொரு வாரக் கன்றும், பருவத்தின் முதற்கன்று பிறந்தது போன்ற தூய நிலத்திலேயே பிறக்கின்றது. தொற்றைப் பெருக்கும் மூத்த கன்றும், தொற்றுக்கு எளிதில் ஆளாகும் இளங்கன்றும் சந்திப்பதில்லை. கைவிடப்பட்ட நிலம் அடுத்த ஆண்டு வரை ஓய்ந்து, வெயிலிலும் காற்றிலும் உலர்கின்றது. தொற்று நீக்கும் மருந்துகள் பலவற்றுக்கும் மசியாத கிரிப்டோஸ்போரிடியமும் உலர்ச்சியைத் தாங்குவதில்லை.

அப்பண்ணையில் கழிச்சலால் கன்றிறத்தல் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நின்றது. கிருமிகள் ஒழிந்துவிடவில்லை, பசுக்களின் குடலில் அவை இருந்தன. நோயாக உருவெடுக்க அவற்றுக்கு இருந்த வழியே அடைபட்டது. இதற்குச் செலவானவை வேலி, படலை, நீர்த்தொட்டி, வாரத்துக்கொரு நாள் உழைப்பு ஆகியவையே.

வரையறைகள்

இம்முறையைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளலாகாது. அதற்குப் பல மேய்ச்சல் நிலங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் நீரும் குளிர்காற்றுத் தடுப்பும் வேண்டும். நிலமுள்ளவனுக்கே இவ்வறிவு முழுப்பயன் தரும். சிறு பட்டி உடையவன் அதன் தத்துவத்தையே கைக்கொள்ளலாம்: வயது வேறுபட்ட கன்றுகளைக் கலவாதிருத்தல், ஈனும் இடத்தை மாற்றுதல், உலர்வாக வைத்தல். சீம்பால் பெறாத கன்றை எவ்வேலியும் காப்பாற்றாது என்பதையும் மறத்தலாகாது.

ஈற்றையே இயற்கையின் பருவத்துக்கு மாற்றலாமே என்ற எண்ணமும் பிறந்தது. அதே மணற்குன்றுப் பகுதியிலுள்ள பல்கலைக்கழக ஆய்வுப் பண்ணையில் மார்ச் ஈற்றும் யூன் ஈற்றும் ஒப்பிடப்பட்டன. யூனில் ஈனும் பசுவுக்கு உலர்புற் செலவு குறைவு; குளிரும் சேறும் இல்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் கன்றின் நிறை குறைவு. மேலும், அப்பசு மீண்டும் சினைப்படவேண்டிய ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் புல்லின் சத்து இறங்கிவிடுவதால், இளம்பசுக்களின் சினைவீதம் பாதிக்கப்படுகின்றது. ஒரு முரண்பாட்டைத் தீர்க்கையில் இன்னொன்று தலையெடுக்கின்றது.

முதலாவது விடை பொய்யன்று. வைரசின் கண்டுபிடிப்பு குழந்தை மருத்துவத்துக்கும் துணைபுரிந்தது. ஆயினும் அவ்விடை நோயைக் கன்றின் உடலுக்குள் மட்டும் தேடியது. இரண்டாவது விடை, யார் எங்கே, யாருடன், எப்போது பிறக்கின்றனர் என்ற ஒழுங்கில் அதைத் தேடிற்று. கன்றுகளை ஒரே சேற்றில் நெருக்கியது விற்பனை நாளின் கணக்கு. அந்நெருக்கத்தில் கடைசியாகப் பிறந்தது, முன் பிறந்த அனைத்தின் சுமையையும் ஏற்றது. அச்சுமை மனிதர் வகுத்த ஒழுங்கால் வந்தது. ஆதலால் மனிதர் வேறோர் ஒழுங்கை வகுத்தபோது அது நீங்கிற்று.