அறுபது நாள் தடை

ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் மரவள்ளியும் பருத்தியும் பயிரிடும் குடியானவர் வீடுகளில் விஷப் புட்டியில்லாத வீடு அரிது. தெளிப்பவன் அதைத் தோலாலும் மூச்சாலும் சிறிது சிறிதாக உட்கொள்கிறான். மனமுடைந்தவன் ஒரே மடக்கில் குடிக்கிறான். கண்மணி சுருங்கி, வாய்நீர் பெருகி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வரும் இருவருக்கும் வைத்தியர் போடுவது அதே அட்ரோபின் ஊசிதான். ஊசிக்கு முன்பே மாண்டவர் பலர்.

இதைத் தடுக்கச் சட்டமில்லையா? உண்டு. 1958ல், கப்பலில் பாரத்தியான் என்னும் விஷத்துடன் ஏற்றி வந்த கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அச்சாவுகளின் பின்னரே 1968ல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. ஆனால் அதன் 27-வது பிரிவைப் படிப்பவர் திடுக்கிடுவர். ஒரு மருந்து மக்களுக்கு ஆபத்தென்று கண்டால் மாநில சர்க்கார் அதன் விற்பனையை 60 நாள் நிறுத்தலாம். விசாரணை முடியாவிடில் மேலும் 30 நாள். அதற்கப்பால் அதிகாரம் டில்லிக்கே.

தற்கொலைகளைத் தடுக்கவென்று மானோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் முதலிய ஆறு மருந்துகளைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2023ல் விலக்கியதும் இந்த 60 நாளுக்கே. கடைக்காரர் புட்டியை உள்ளறையில் வைத்து அறுபத்தோராம் நாள் வெளியே எடுக்கலாம். வாய்க்கால் வரப்புத் தகராறில்கூட முன்சீப் இதைவிட நீண்ட தடையுத்தரவு தருவார்!

அவ்வாண்டே மானோகுரோட்டோபாஸின் 36 சதவீதத் திரவத்தை டில்லி விலக்கியது. நன்று. ஆனால் பீஹாரில் பள்ளி மதிய உணவில் அவ்விஷம் கலந்து 23 குழந்தைகள் இறந்தது 2013ல். இடையிலே பத்தாண்டு எதற்காக? இலங்கை அம்மருந்தை 1995லேயே விலக்கிற்று. 1998ல் எண்டோசல்பானையும் விலக்கிற்று. 2005க்குள் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. விளைச்சல் குன்றவில்லை.

விஷமின்றிப் பயிர் பிழைக்காதென்பாருக்கு நம் ஜில்லாவிலேயே விடையிருக்கிறது. மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது, ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து தருவித்த சிறு குளவியை 2022ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தனர். அது மாவுப்பூச்சியின் உடலிலேயே முட்டையிட்டு அதைக் கொல்கிறது. புட்டி விற்பவன் ஊருக்கு ஊர் இருக்கிறான். குளவியைப் பற்றிச் சொல்பவன் எத்தனை ஊரில் இருக்கிறான்?

நாம் கேட்பது பெரிதன்று. மாநிலம் விதித்த தடை, டில்லி விசாரித்து முடிவு கூறும்வரை நிலைக்கும்படி 27-வது பிரிவைத் திருத்த வேண்டும். சேலம், நாமக்கல் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் இதைக் கேட்கட்டும். அவர்களை நம் தொண்டர்கள் கேட்கட்டும்.