பிள்ளை படிக்கச் சிரமப்படுகிறாரா? டிஸ்லெக்சியா பரிசோதனை பற்றிப் பெற்றோர் அறியவேண்டியவை

உங்கள் பிள்ளை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வார். கேள்விமேல் கேள்வி கேட்பார். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் தடுமாறுவார். நேற்று படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் விழிப்பார். "சோம்பேறித்தனம்", "கவனம் இல்லை" என்று நாம் நினைத்துவிடுகிறோம். பிள்ளையோ, "எனக்கு மூளை இல்லை" என்று நம்பத் தொடங்குகிறார்.

உண்மைக் காரணம் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதைக் கண்டறியப் பரிசோதனை உண்டு. பிள்ளைக்கு முத்திரை குத்துவது அதன் நோக்கமன்று. அவருக்கு எந்த உதவி தேவை என்பதைத் தெரிந்துகொள்ளவே அது செய்யப்படுகிறது.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றை எழுத்துகளோடு இணைப்பதில் ஏற்படும் சிரமமே டிஸ்லெக்சியா. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுவதால் இது வருவதில்லை. ஆகவே, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தத் தேவையில்லை.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள்

பாலர் பள்ளி வயதில்:
• பேசத் தொடங்கத் தாமதமாகலாம்.
• எழுத்துகளின் பெயரும் ஒலியும் மனத்தில் நிற்காமல் போகலாம்.
• ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைக் கண்டுபிடிக்கச் சிரமப்படலாம்.

தொடக்கப்பள்ளியில்:
• முதல் எழுத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்துப் படிப்பார்.
• ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் வெவ்வேறு விதமாக எழுதுவார்.
• வாய்மொழியாகச் சரியான விடை சொல்வார். எழுதச் சொன்னால் ஓரிரு வரியோடு நின்றுவிடுவார்.
• தமிழில் குறில், நெடில் மாறும். கொம்பு, கால், சுழி விடுபடும். ல, ள, ழ குழம்பும்.

இவற்றில் ஒன்றிரண்டு பல பிள்ளைகளிடம் இருக்கும். எழுத்துகளைத் திருப்பி எழுதுவது சுமார் 7 வயது வரை இயல்பானதே. பல அறிகுறிகள் சேர்ந்து இருந்து, சொல்லிக் கொடுத்த பிறகும் நீடித்தால்தான் கவனம் தேவை.

எங்கே தொடங்குவது?

முதலில் பிள்ளையின் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். படிப்பதில் உள்ள தடுமாற்றத்திற்குச் சில சமயம் அவையே காரணமாகலாம்.

பாலர் பள்ளி வயதுப் பிள்ளை என்றால், பாலர் பள்ளி ஆசிரியரிடமும் பலதுறை மருந்தக மருத்துவரிடமும் பேசுங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் உங்களைக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார். எழுதப் படிக்க முறையாகக் கற்கத் தொடங்கிய பிறகே டிஸ்லெக்சியாவை உறுதிசெய்ய முடியும் என்பதால், பொதுவாக 6 வயதுக்குப் பிறகே முழுப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதுவரை உதவியை ஒத்திப்போட வேண்டாம்.

தொடக்கப்பள்ளி மாணவர் என்றால், வகுப்பாசிரியரிடம் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் பின்தங்கும் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்குக் கற்றல் ஆதரவுத் திட்டம் உள்ளது. அதன் பிறகும் சிரமம் நீடித்தால், உங்கள் சம்மதத்துடன் பள்ளி அடுத்த கட்டப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்திலும் தனியார் உளவியலாளரிடமும் பரிசோதனை செய்துகொள்ளலாம். கட்டணத்தையும் நிதியுதவியையும் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனையில் என்ன நடக்கும்?

ஊசி, மருந்து எதுவும் இல்லை. உளவியலாளர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து சில பயிற்சிகளைச் செய்யச் சொல்வார். இது பொதுவாகச் சில மணி நேரம் எடுக்கும். இடையில் ஓய்வு உண்டு.

• சொற்களையும் பத்திகளையும் படிப்பது, சொல்வதை எழுதுவது.
• பொருளே இல்லாத சொற்களைப் படிப்பது. இவற்றை மனப்பாடத்தால் படிக்க முடியாது. ஒலிகளைக் கூட்டித்தான் படிக்கவேண்டும்.
• ஒலிகளை மாற்றிச் சொல்வது. 'கல்' என்பதில் 'க'வை எடுத்து 'ப'வை வைத்தால் என்ன வரும் என்பது போன்ற கேள்விகள்.
• படங்களையோ எண்களையோ விரைவாகப் பெயர் சொல்வது. கேட்டதை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது.
• புதிர்கள், படங்கள் வழியாகச் சிந்திக்கும் திறனை அறிவது.

பிள்ளை பேசத் தொடங்கிய வயது, குடும்பத்தில் எவருக்கேனும் உள்ள படிப்புச் சிரமம் ஆகியவை பற்றி உங்களிடமும் கேட்பார்கள். பரிசோதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தமிழ், ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"தேர்வு" என்று சொல்லாதீர்கள். முன்கூட்டிப் பயிற்சியும் கொடுக்காதீர்கள். "நீ முயற்சி செய்வது எங்களுக்குத் தெரியும். உனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தால் எளிதாக இருக்கும் என்று பார்க்கப் போகிறோம்," என்று சொன்னால் போதும். முந்திய இரவு நன்றாகத் தூங்கச் செய்து, காலையில் சாப்பிட வைத்து அழைத்துச் செல்லுங்கள்.

முடிவு வந்த பிறகு

டிஸ்லெக்சியாவை மருந்தோ வண்ணக் கண்ணாடியோ குணப்படுத்தாது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் முறை நல்ல பலன் தரும். தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே சிறு குழுக்களாக இப்பயிற்சி அளிக்கப்படுகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு அண்மைய அறிக்கை தேவைப்படும் என்பதால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

டிஸ்லெக்சியா இல்லை என்று முடிவு வந்தாலும் பரிசோதனை வீண் அல்ல. சிரமத்திற்கு வேறு என்ன காரணம், என்ன செய்யலாம் என்பதை அறிக்கை எடுத்துச் சொல்லும்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று உறவினர்கள் சொல்லக்கூடும். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை படிப்பில் பின்தங்குவதோடு, தம்மீது வைத்துள்ள நம்பிக்கையையும் இழக்கிறார். இந்த வாரமே அவருடைய ஆசிரியரிடம் பேசுங்கள்.