கரவன் வாங்குமுன் காரின் எடையைப் பாருங்கள்

ஹாட்வெயார் வியாபாரி கரவனைப் பற்றி எழுதுவது சில வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். கரவன் என்பது காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நமது நாட்டுப் பாதைகளுக்கு அது சரிவராது. ஆனால், பிரித்தானியாவில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் பாடசாலை விடுமுறைக்கென்று இதை வாங்குகிறார்கள். ஹோட்டல் செலவும் மிச்சம், ஹலாலாகச் சமைத்தும் சாப்பிடலாம். அப்படிப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் சொல்லுங்கள்.

2023இல் லெஸ்டரில் இருக்கும் என் ராத்தாவின் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு கரவன் படங்கு போட்டு மூடிக் கிடந்தது. "விற்கப் போறேன் மாமா" என்றார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வேல்ஸ் பக்கம் போகையில், நெடுஞ்சாலை இறக்கமொன்றில் ஒரு லொறியை முந்தியிருக்கிறார். அந்தக் காற்றில் கரவன் பாம்பு போல நெளியத் தொடங்கிவிட்டது. பயத்தில் பிரேக்கை அழுத்த, ஆட்டம் இன்னும் கூடி காரின் பின்பக்கத்தையே இழுத்திருக்கிறது. உயிர் தப்பியது பெரிய காரியம். அதன் பிறகு பிள்ளைகள் அதில் ஏற மாட்டோம் என்கிறார்களாம்.

"விற்றவர் பொருந்தும் என்றுதானே சொன்னார்?" என்று கேட்டேன். "காரின் புத்தகத்தில் 1,500 கிலோ இழுக்கலாம் என்று இருக்கு, கரவனும் 1,500 கிலோதான், கணக்குச் சரி என்றார் மாமா."

தவறு இங்கேதான். கார்க் கம்பனி கொடுக்கும் அந்த இழுவை எல்லை, நூற்றுக்கு 12 என்ற ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் புறப்படுமா என்பதை வைத்துச் சொல்லப்படுவது. அதைத் தாண்டி இழுப்பது கூடாது என்பது உண்மைதான். ஆனால், இறக்கத்தில் பின்னால் வரும் பாரம் தள்ளும்போது கார் அதைத் தாங்கிப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. இழுப்பது இன்ஜின், தாங்கிப் பிடிப்பது காரின் எடை.

அதனால்தான் அங்குள்ள கரவன் சங்கங்கள், புதிதாக இழுப்பவருக்கு கரவனின் உச்ச எடை காரின் வெறும் எடையில் 85 வீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. அனுபவசாலிகள் 100 வீதம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். இது சட்டமல்ல, ஆலோசனைதான். மருமகனின் காரின் வெறும் எடை 1,425 கிலோ. அதில் 85 வீதம் சுமார் 1,211 கிலோ. அவர் வாங்கியதோ 1,500. காரை விடக் கரவன் பாரம்!

உச்ச எடை என்பது சாமான்கள் ஏற்றிய பின் இருக்கக்கூடிய ஆகக் கூடிய எடை. அது கரவனில் பொறித்திருக்கும். காரும் கரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது காரின் தகட்டில் இரண்டாவது வரியில் இருக்கும். அதைத் தாண்டினால் சட்டப்படி குற்றம், காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். சில கார்களுக்கு இழுக்கவே அனுமதியில்லை. நமது நாட்டிலும் ஓடும் பிரியஸையே எடுங்கள். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் பிரித்தானியாவில் இழுவைக்கு அங்கீகரிக்கப்படாதது. கொக்கி பூட்டித் தர ஆள் கிடைப்பார், அதை நம்பிவிடக் கூடாது.

அடுத்தது ஏற்றும் விதம். லொறியில் சீமெந்து ஏற்றிய எனக்கு இது உடனே விளங்கியது. அரிசி மூட்டை, சட்டி பானை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் கரவனின் பின்பக்கம் அடுக்கியிருக்கிறார். பின்பாரம் கூடினால் மூக்கு இலேசாகிவிடும், அப்போது சிறு காற்றுக்கும் வால் ஆடும். கொக்கியில் அழுத்தும் மூக்கு எடை, கரவனின் ஏற்றிய எடையில் 5 முதல் 7 வீதம் இருக்க வேண்டும். அதேநேரம், காருக்கும் கொக்கிக்கும் குறித்த எல்லைகளில் எது குறைவோ அதையும் மீறக் கூடாது. மீறினால் காரின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். குளியலறைத் தராசை வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அளந்தோம். பயணத்தில் இருந்த மாதிரியே சாமான்களை ஏற்றிப் பார்த்ததில் 40 கிலோதான். 75 ஆவது இருந்திருக்க வேண்டும், அதாவது ஒன்றரை மூட்டை சீமெந்து. பாரமானவை சக்கரங்களுக்கு நேர் மேலே, தரையோடு இருக்க வேண்டும்.

வேகமும் பிழைதான். நெடுஞ்சாலையில் கரவன் இழுப்பவருக்கு எல்லை மணிக்கு 60 மைல், இவர் 65இல் போயிருக்கிறார். நெளியத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல், எக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

2021 டிசம்பர் 16 முதல் அங்கு சாதாரண கார் அனுமதிப்பத்திரம் உள்ளவர் தனிப் பரீட்சையின்றி 3,500 கிலோ வரை இழுக்கலாம். சட்டம் இலகுவாகிவிட்டது. எனவே, இந்தக் கணக்கை யாரும் நமக்காகப் பார்த்துத் தரப் போவதில்லை. காசு கொடுக்கும் முன் நாமே பார்க்க வேண்டும்.

மருமகன் 900 பவுண் நட்டத்தில் அதை விற்றார், விற்கும்போது வாங்க வந்தவரின் காரின் எடையையும் கேட்டுத்தான் விற்றார். பிறகு 1,180 கிலோ உச்ச எடையுள்ள ஒன்றை வாங்கினார். முதல் பயணத்துக்கு முன் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றி, அந்தத் துண்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். 1,160 கிலோ. அரிசி மூட்டை காரின் டிக்கிக்கு மாறியிருந்தது.