கரிசல் சமையலும் ரத்தக் கொதிப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் மானாவாரிக் கரிசலில், மழையை நம்பிக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விதைத்து, பகலெல்லாம் வெயிலில் நின்று பாடுபட்ட குடியானவர்களுக்கு, கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு மோர் மிளகாயோ கீழ்க்கடற்கரையிலிருந்து வந்த ஒரு துண்டுக் கருவாடோ கிடைத்துவிட்டால், அதுவே பரம திருப்தியான வெஞ்சனமாக இருந்தது. இன்று கூழின் இடத்துக்கு அரிசிச் சோறு வந்துவிட்டது. காட்டுவேலை செய்தவர்களின் பிள்ளைகளில் அநேகர் விசைத்தறியிலும் கடையிலும் அமர்ந்துவிட்டார்கள். வியர்வை குறைந்தும், பழைய உப்பு ருசி குறையவில்லை என்பதோடு, ஊறுகாய், அப்பளம், மாலையில் பொட்டலம் பிரிக்கும் காரச்சேவு என்று அது பெருகியும் இருக்கிறது.

உப்பிலுள்ள சோடியம் சரீரத்தில் மிகும்போது அதற்கு ஈடாக நீரும் தங்கி, ரத்தத்தின் கனபரிமாணம் கூடி, குழாய்ச் சுவர்களின் மீது அழுத்தம் ஏறுகிறது. வருஷக்கணக்கில் அது நீடித்தால் இருதயமும் சிறுநீரகமும் மூளையும் ஒருங்கே சேதமடைகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பிரமாணம். இந்தியர் உண்பதோ சராசரியாக 8 கிராமுக்குக் குறைவில்லை. 34 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினசரி உப்பில் 4.4 கிராம் குறைத்தபோது, ரத்தக் கொதிப்பு உடையவர்களுக்கு மேல் அழுத்தம் 5 புள்ளிகளுக்குச் சற்று அதிகமாகவும், இல்லாதவர்களுக்கு 2 புள்ளிகளுக்கு மேலும் இறங்கியது.

மேல்நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலைப் பண்டங்களில் ஒளிந்து வருகிறது. நமக்கோ அது பெரும்பாலும் அடுப்படியில்தான் சேர்கிறது. மரவையிலிருந்து கல்லுப்பை விரலால் அள்ளிப் போட்டு, கொதிக்கும் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் நாலு கல்லைச் சேர்க்கிற அந்தக் கை, வாரத்துக்கு வாரம் ஒரு கல்லைக் குறைத்துக்கொண்டே வருமானால், சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடும். கல்லுப்பும் இந்துப்பும் தீங்கற்றவை என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. எடைக்கு எடை அவற்றிலும் சோடியம் ஏறக்குறைய அதே அளவுதான்.

2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது பெரிய உபகாரம். மாத்திரையை நிறுத்தாமலே, அந்த வீட்டு மரவையைப் பற்றியும் அவர்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும். உப்பைக் குறைப்பதோடு, உப்பையே மாற்றுவதும் ஒரு வழி. பக்கத்து ராமநாதபுரத்து வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம், 2014-இலேயே சோடியம் குறைந்த உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 5 வருஷம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பை உண்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. மற்றவர்களுக்கு அது திருச்சுழி வட்டாரத்து ரேஷன் கடைகளிலெல்லாம், சாதாரண உப்பின் விலைக்கே கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும்.